அத்தான் பேரில் வந்த தேற்றம்

சீசன் வந்தால் எனக்கு எரிச்சல் வரும். தென்காசியில் வீடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் உள்ளுக்குள் இதுதான் இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். புளியறைப் பக்கமிருந்து காற்று இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்ததும், வருஷம் முழுக்க நாம் இருக்கிறோமா செத்தோமா என்று கேட்காத சொந்தமெல்லாம் போன் போடும். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பார்கள். விழுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் வாசலில் கார் நிற்கும். அப்புறம் பாய் விரி, தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வை, ஈரத்துணி காயப்போட இடம் தேடு. அருவியில் குளிப்பது அவர்கள். செருப்புக்கும் செல்போனுக்கும் காவல் நிற்பது நாங்கள்.

என் அத்தானை அந்தக் கூட்டத்தோடு சேர்க்க முடியாது. அவர் ஒரு படி மேல். அக்காவின் கணவர், வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. அச்சன்புதூரில் பிறந்து வளர்ந்து, வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் கணிதப் பேராசிரியராக இருக்கிறார். நானும் கணிதம்தான். பி.எச்டி முடித்துவிட்டு ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். காலையில் மூன்று வகுப்பு, மதியம் டெஸ்ட் பேப்பர், நடுவில் கல்லூரி விழாவுக்குக் கோலப் போட்டி நடத்துகிற வேலை. இந்த லட்சணத்தில் சொந்தமாக ஒரு தேற்றம் கண்டுபிடித்தேன் என்றால் அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தேற்றத்தை நானும் அத்தானும் சேர்ந்து எழுதினோம்.

அது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாலினாமியலையும், அதாவது பல்லுறுப்புக் கோவையையும், எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பூஜ்யத்தில் தொடங்கி அந்தப் பகா எண்ணுக்கு முந்தைய எண் வரை ஒவ்வொன்றாகப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை வரும். அந்த விடை ஒவ்வொன்றும் ஒரு திசை. கிழக்கே ஓர் அடி, வடமேற்கே ஓர் அடி என்று அத்தனை திசைகளிலும் நடந்து முடித்தால் கடைசியில் எங்கே நிற்போமோ, அதுதான் அந்தப் பாலினாமியலின் எக்ஸ்பொனென்ஷியல் கூட்டுத்தொகை. இதிலிருந்து வரிசையாகச் சில எண்கள் பிறக்கும். அவற்றை அந்தப் பகா எண் எவ்வளவு தூரம் வகுக்கிறது என்று பார்த்து, தாளில் புள்ளி வைத்து, கீழிருந்து ஒரு நூலை இழுத்துக் கட்டினால் ஓர் உடைந்த கோடு கிடைக்கும். அதற்கு நியூட்டன் பாலிகான் என்று பெயர்.

ஒவ்வொரு பாலினாமியலுக்கும் ஒரு கோடு. ஆனால் அழகு எங்கே இருக்கிறதென்றால், ஒரே குடும்பத்துப் பாலினாமியல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கோடுதான் வரும், இருப்பதிலேயே தாழ்ந்த கோடு. சில முரண்டுகள் மட்டும் அதற்கு மேலே ஏறிக்கொள்ளும். பெரும்பாலானவற்றுக்கு வரும் அந்தக் கோட்டைத்தான் ஜெனெரிக் என்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு, பாலினாமியல் குடும்பத்தைச் சொல்கிறேன், அந்தக் கோடு இப்படித்தான் இருக்கும் என்று முதலில் ஊகித்தவள் நான். நிரூபணத்துக்குச் சட்டம் போட்டுத் தந்தவர் அத்தான். அதை மறுக்க மாட்டேன், அவருக்கு மூளை உண்டு.

அந்தச் சீசனுக்கு அவரும் அக்காவும் வந்து இறங்கியபோது பேப்பர் ஏற்கெனவே ஒரு ஜர்னலுக்குப் போய், அதைச் சரிபார்த்த ரெஃப்ரி கேட்ட சின்னத் திருத்தங்களோடு திரும்பி வந்திருந்தது. எங்கள் வீட்டில் இருந்தபடியே திருத்தி அனுப்பிவிடுவதாகத் திட்டம். நான்தான் சும்மா இருக்காமல் மறுபடி முதலிலிருந்து படித்தேன். நடுவில் ஓரிடத்தில் அத்தான் எழுதியிருந்தார்: 'இந்த டிடர்மினன்ட் பூஜ்யம் இல்லை என்பதை எளிதில் காணலாம்.' எளிதில் காணலாம் என்று ஒருவர் எழுதினால் அவர் கண்டிருக்க மாட்டார் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை எழுதியதாயிற்றே என்று முதலில் விட்டிருந்தேன்.

அந்த ஒரு வரியில்தான் எங்கள் தேற்றமே நிற்கிறது. குடும்பத்தில் பெரும்பாலானவை சொன்ன பேச்சைக் கேட்கும் என்று சொல்ல வேண்டுமானால், கேட்கிற ஒன்றாவது இருக்கிறது என்று காட்ட வேண்டும். டிடர்மினன்ட் என்பது கட்டம் கட்டி அடுக்கிய எண்களைப் பெருக்கிக் கூட்டிக் கழித்து எடுக்கிற ஒற்றை எண், அதை விரித்தால் கூட்டலும் கழித்தலுமாக ஏகப்பட்ட உறுப்புகள் வரும். அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தமும் பூஜ்யமாகிவிட்டால் எல்லாப் பாலினாமியலும் முரண்டுதான். விதிவிலக்கு போக மற்றதெல்லாம் சரி என்பார்கள், விதிவிலக்கே முழுக்கூட்டமும் என்றால் மற்றது எங்கே இருக்கிறது? சின்னப் பகா எண் ஒன்றை எடுத்துக் கையால் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் வந்தது. தப்பாகப் போட்டிருப்பேன் என்று திரும்பப் போட்டேன், மறுபடியும் பூஜ்யம். எனக்கென்று இருந்தது அந்த ஒரு தேற்றம். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதில் என் பேரும் இருக்க வேண்டும், எனக்கு இரண்டும் வேண்டும்.

அவரிடம் சொல்ல வாய்த்த இடம் ஐந்தருவி. நான் வழக்கம்போலப் பைகளோடு நிற்கிறேன். அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்திருக்கிறார். மசாஜ்காரர் தலையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா பெண்கள் பக்கம் குளிக்கப் போய்விட்டாள். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அத்தான், அந்த டிடர்மினன்ட் சின்ன ப்ரைமுக்கு ஜீரோ ஆகுது. நான் போட்டுப் பாத்துட்டேன்."

"எந்த டிடர்மினன்ட்?"

"எளிதில் காணலாம்னு எழுதியிருக்கீயளே, அது."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "ஜெனெரிக்னுதான போட்டிருக்கோம். ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும்."

"அது பாலினாமியலுக்கு. இங்க மொத்தக் குடும்பமும் தப்புது."

"சின்ன ப்ரைம யாரு பாக்கப் போறா? ரெஃப்ரியே ஓகேன்னுட்டாரு. நீ எதுக்கு இப்பம் கெடந்து குழப்புத?" என்றவர் மசாஜ்காரரைப் பார்த்து, "கழுத்துல கொஞ்சம் அழுத்திப் பிடிங்க அண்ணாச்சி" என்றார்.

அந்தக் கழுத்தை நானே பிடித்துவிடலாமா என்று தோன்றியது. ஒரு பேராசிரியர், அதுவும் எனக்கு எண் கோட்பாட்டில் பெரிய ஆள் என்று ஊரே சொல்லிக் காட்டிய மனிதர், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கிறார். நான் பார்த்தேனே. பார்த்துவிட்டுத்தானே பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதும் விடவில்லை. அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். சின்னப் பகா எண்களை நீக்கிவிட்டு, பெரியவற்றுக்கு ஒழுங்கான நிரூபணம் எழுதுவோம், கொஞ்ச காலம் ஆகட்டும் என்றேன். அவருக்குக் காலம் இல்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போகிறது, அதற்குள் பேப்பர் வர வேண்டும் என்றார். இப்படியே அனுப்பினால் அது பொய் என்றேன். "மாப்பிள்ளைகிட்ட குரல உசத்தாதட்டி" என்றாள் அம்மா. குரல் அதற்கு மேல் உசந்தது.

"அப்பம் என் பேர எடுத்துருங்க. எனக்கு இந்தப் பேப்பரே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தள்ளிவைத்து எழுந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்களுக்குக் கோபம் வந்தால் 'வேண்டாம்' என்போம். சோறு வேண்டாம், சேலை வேண்டாம், கல்யாணத்துக்கே வரவேண்டாம். வேண்டாம் என்று சொன்னவரைப் பின்னாலேயே போய்க் கூப்பிட வேண்டும், 'அப்படிச் சொல்லாத, வா' என்று இழுக்க வேண்டும். ரெண்டு தடவை இழுத்த பிறகுதான் கோபக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்காருவார், அதோடு அவர் கேட்டதில் பாதியாவது நடக்கும். சண்டையை நாங்கள் தீர்ப்பது இப்படித்தான். அத்தானுக்கும் இது அத்துப்படி. தலை தீபாவளிக்கு வந்தபோது யாரோ அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று மாப்பிள்ளை முறுக்கு முறுக்கிக்கொண்டு பலகாரம் வேண்டாம் என்றார். அம்மா, பெரியம்மா, நான் என்று வரிசையாகப் போய்த் தாங்கு தாங்கென்று தாங்கித்தான் கூட்டி வந்தோம்.

அன்றைக்கு நான் எழுந்து போனபோது அவர் சொன்னது ஒரே வார்த்தை. "சரி."

அக்கா கூப்பிட்டாள், அம்மா கூப்பிட்டாள். நானும் கொஞ்ச நேரத்தில் வந்து சாப்பிட்டேன். அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறபோது அத்தான் சிரித்துக்கொண்டே கை காட்டினார். கோபம் தீர்ந்தது, நான் கேட்டதில் பாதியாவது நடக்கும் என்று நம்பினேன். அப்படி நம்பித்தான் கல்லூரி விட்டு வந்ததும் உட்கார்ந்து பெரிய பகா எண்களுக்கான நிரூபணத்தைத் தேடினேன். அடித்துக்கொள்ளும் உறுப்புகளுக்கு நடுவே துணையில்லாமல் தனியாக நிற்கிற ஓர் உறுப்பைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அதை அடிக்க ஆளில்லை, டிடர்மினன்ட் பூஜ்யமாகாது. கண்டுபிடித்தேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கோலப் போட்டிக்கு எல்லாருக்கும் முதல் பரிசு கொடுத்திருப்பேன். ஒரே ஒரு வகைப் பகா எண்களில் மட்டும், ஓர் எண்ணால் வகுத்தால் குறிப்பிட்ட ஒரு மீதி வருகிற வகையில், அந்த உறுப்புக்கு ஒரு ஜோடி வந்து நின்றது. அங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதி, 'இந்த வகையை இன்னும் பார்க்கவில்லை, இதை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் தேற்றத்தைச் சொல்வோம்' என்று அடிக்கோடிட்டு அத்தானுக்கு மெயில் அனுப்பினேன். 'ரொம்ப நல்லா இருக்கு' என்று பதில் வந்தது.

பேப்பர் வெளிவந்ததைச் செல்போனில் பார்த்தேன், குற்றாலம் பஸ்ஸில் நின்றுகொண்டே. தலைப்பு எங்களுடையது. கோடு என்னுடையது. தனியாக நிற்கிற உறுப்பும் என்னுடையது, என் வாக்கியங்கள் கூட அப்படியே இருந்தன. ஆசிரியர் பேர் ஒன்று, அவர் பேர். கடைசிப் பக்கத்தில் பயனுள்ள உரையாடல்களுக்காக எனக்கு நன்றி. அடிக்கோடிட்ட அந்த வரி இல்லை. தேற்றம் எல்லாப் பெரிய பகா எண்களுக்கும் பொருந்தும் என்று அச்சாகியிருந்தது.

இறங்கியதும் போன் போட்டேன்.

"நீதான வேண்டாம்னே" என்றார் அத்தான். "எல்லாரு முன்னாடியும் சொன்னே. உன் பேர நான் எப்படிப் போடுதது? நாளைக்கு நீயே ஏன் போட்டீயன்னு கேப்ப."

"அந்த வகை? பாக்கலன்னு எழுதியிருந்தேன்லா?"

"அது வந்துரும். ஜெனெரிக்கா பாத்தா வரத்தான் செய்யும்."

தெரியாமல் செய்தார் என்று யாராவது சொன்னால் நான் சும்மா விட மாட்டேன். தலை தீபாவளிக்கு வேண்டாம் என்ற அவரைப் பலகாரம் இல்லாமலா ஊருக்கு அனுப்பினோம்? வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று தெரிந்த மனிதர், தனக்கு வசதியான அன்றைக்கு மட்டும் அகராதியைப் புரட்டிக்கொண்டார். அம்மாவிடம் சொன்னேன். "வுடு, அவரு வீட்டு மாப்பிள்ள" என்றாள். பேரை எடுத்தது எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன், நாள் கணக்கில் அழுதேன். ஆனால் அந்த ஒற்றை வரியை நீக்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பேரைத் திருடுகிறவன் எனக்குத் துரோகம் செய்கிறான். அந்த வரியை நீக்குகிறவன் கணக்குக்கே துரோகம் செய்கிறான்.

அப்புறம் அந்த வகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே டிடர்மினன்ட் பூஜ்யமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு கணிதக்காரி அப்படி ஒரு பக்கம் சாயக் கூடாதுதான். சாய்ந்தேன், வெறியோடு சாய்ந்தேன். ஜோடி ஜோடியாக உறுப்புகள் வந்து ஒன்றையொன்று தின்றன, கடைசி ஜோடியும் போனது, மிச்சம் ஒன்றுமில்லை. அந்த வகையில் வருகிற எல்லாப் பகா எண்ணுக்கும், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அத்தான் சொன்ன கோடு வராது. அதைவிட மேலேதான் போகும். தனியாக அறையில் உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு கெட்ட சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

முறை தெரியாதவள் என்று பேர் வரக் கூடாது என்பதற்காக முதலில் அவருக்கே அனுப்பினேன். 'நீங்களே திருத்தி வெளியிடுங்கள். இல்லையென்றால் நான் தனியாக ஒரு குறிப்பு அனுப்புவேன்' என்று எழுதினேன். பதில் வரவில்லை. பதிலுக்கு அக்கா வந்தாள்.

சீசன் இல்லாத நேரம், ரயிலில், தனியாக. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அவியலுக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள். அக்கா மாடிக்கு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். லேப்டாப்பில் அந்தக் குறிப்பு திறந்தே இருந்தது, அனுப்புகிற பக்கம் வரை வந்திருந்தேன்.

"அவரு எழுதுனது தப்புன்னு எழுதப் போறியாமே" என்றாள்.

"தப்புதான்க்கா."

"எத்தன நம்பர்ல தப்பு?"

"எண்ணி முடியாது."

"மத்ததுல சரிதான?"

"சரிதான். அத நிரூபிச்சதும் நான்தான்."

எனக்கு அவள் மேல் கோபமில்லை. அவளுக்குக் கணக்கு வராது. பள்ளிக்கூடத்தில் அவள் வீட்டுப்பாடத்தைத் தங்கச்சி நான்தான் போட்டுக்கொடுப்பேன், அவள் எனக்குத் தலை பின்னிவிடுவாள்.

"அடுத்த மாசம் இன்டர்வியூ" என்றாள். "அது முடியட்டும். அதுக்கப்புறம் அவரே திருத்திருவாரு."

"அவரு சொன்னாரா?"

"நான் சொல்லுதேன்."

"அக்கா, இன்டர்வியூல அவரு காட்டப் போறதே இந்தப் பேப்பரத்தான்."

"உனக்கு என்னட்டி வேணும்? பேருதான? நான் சொல்லிப் போடச் சொல்லுதேன். ஒரு ஆசிரியர் பேரு விட்டுப் போச்சுன்னு ஜர்னலுக்கு எழுதுனா சேத்துருவாங்களாம், கேட்டுட்டேன். உன் பேரயே முதல்ல போடச் சொல்லுதேன். இத மட்டும் அனுப்பாத."

கேட்டுவிட்டே வந்திருக்கிறாள். அதாவது அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அழுது கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காத பேர், இப்போது வாயை மூட விலையாக வருகிறது, அதுவும் பொய் என்று எனக்குத் தெரிந்த தேற்றத்தின் மேல். ஒரு நொடி ஆசை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சில் என் பேர், முதலில். கல்லூரியில் எல்லாரும் பார்ப்பார்கள். அக்காவும் எனக்கு மிஞ்சுவாள்.

அந்த ஆசை வந்த வேகத்தில்தான் பயமும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவள் பேசினால் நான் ஒத்துக்கொண்டுவிடுவேன். அவள் முன்னாலேயே பட்டனை அழுத்தினேன்.

"அனுப்பிட்டியா?" என்றாள்.

"ஆமா."

"நான் உங்கிட்ட கேட்டேனேட்டி" என்றாள். சத்தம் போடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ரயிலேறினாள்.

குறிப்பு வெளிவந்தது, என் பேரில், இரண்டே பக்கம். அத்தானும் வேறு வழியில்லாமல் ஒரு திருத்தம் வெளியிட்டார். தேற்றம் இப்போது உண்மையாக இருக்கிறது. அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. அந்த வகையைப் பற்றி இன்டர்வியூவில் யாரும் கேட்கவே இல்லையாம், அம்மாதான் சொன்னாள்.

இந்தச் சீசனுக்கு அத்தான் தனியாக வந்தார். அருவிக்குப் போனார், சொதியை ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த வகையில கோடு அப்பம் எங்கன போகுது? எவ்வளவு மேல? அத யாரும் பாக்கலல்லா. சேந்து பாப்போமா?"

நல்ல கேள்விதான். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அக்கா ஏன் வரல?" என்றேன்.

"அவளுக்கு உம்மேல கோவம். நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கா. இது உனக்கும் எனக்கும் உள்ள கணக்கு, இதுல அவளுக்கு என்ன?" என்றார்.

அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அவருக்கு என் மேல் வருத்தம் ஒரு துளி கூட இல்லை. அவருக்காக என் கட்டிலில் வந்து உட்கார்ந்து கெஞ்சிய அக்காதான் என் போனை இன்னும் எடுப்பதில்லை.